முதலில் கைதட்டியது யார்

ஊத்துமலைத் தோட்டம், மேல்பிரிவு,
றக்வானை.
3.2.2002

அண்ணனுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரென்று யோசிக்க வேண்டாம். மரியாயிதான். அம்மா செத்த வருஷம், 79ல், 'இனி எனக்கு எழுத வேண்டாம்' என்று எழுதினேனே, அதே மரியாயி. பிறகு 83 கலவரத்தின் போது 'உயிரோடு இருக்கிறாயா' என்று ஒரு வரி கேட்டீர்கள். 'இருக்கிறோம்' என்று ஒரு வரி எழுதினேன். அதோடு பத்தொன்பது வருஷம் போய்விட்டது. கோத்தகிரியில் அதே விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்றும் தெரியாது. வேறு யாராவது இதைப் பிரித்தால் அருளப்பன் வீட்டில் சேர்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

பழைய சண்டையைக் கிளறுவதற்காக எழுதவில்லை. கிளறுவதற்கு உடம்பில் சக்தியும் இல்லை. அவர் போய் நாலு வருஷமாகிறது. மகனும் மருமகளும் கொழும்பில். பேத்தி சரோன் மட்டும் என்னோடு இருக்கிறாள், கார்மெண்டுக்குப் போகிறாள். நான் பிள்ளைக்காம்பராவில் மற்றவர்களின் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியே பென்சன் ஆகிவிட்டேன். முழங்கால் இரண்டும் போச்சு.

விஷயம் இதுதான். போன மாசம் ஸாஹிரா என்று ஒரு கெம்பஸ் பிள்ளை வந்தது. வரக்காப்பொலைப் பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களில் படம் காட்டியதைப் பற்றிப் படிக்கிறதாம். டேப்பை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டது: "ஆரு எங்க இருந்து பாத்தீங்க? பொம்பளையளுக்கு வேறா இடமா? நல்லா இருந்தா எப்படிக் காட்டுவீங்க?" என் ஆயுசில் யாரும் என்னிடம் இப்படியெல்லாம் கேட்டதில்லை. துரைக்குப் பிரம்பு நாற்காலி, கிளாக்கர்மாருக்கு மர நாற்காலி, கங்காணிமாருக்கு பெஞ்சு, நமக்குத் தரை, இடது பக்கம் பெண்கள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டது.

அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. 43ல், தேயிலை ஸ்டோர் மேல்மாடியில் யுத்தப் படம் காட்டிய அந்த ஞாயிறு. ஜப்பான்காரனின் ஏரோப்பிளேன் வந்ததும் கைதட்டினார்களே, அது. பார்த்தவர்களை விடப் பார்க்காதவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. முதலில் கைதட்டியது அழகமுத்து மாமா, அதற்காகத் துரை அவருக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை நிறுத்தி ஒரே நாளில் குடும்பத்தோடு வெளியேற்றினான் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். யூனியன்கார இந்திரகுமார் காதில் அது விழுந்துவிட்டது. "இந்த மலையில வெள்ளைக்காரனுக்கு எதிரா மொதக் கை தட்டுனது நம்ம ஆளுங்க அக்கா" என்று துள்ளுகிறான். வருகிற மேதினத்தில் அழகமுத்து மாமாவின் படத்துக்கு மாலை போட்டுக் கூட்டம். தெரணியகலையில் இருக்கிற அவருடைய மகள் தங்கம்மாவையும் கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இந்தத் தோட்டத்தில் மிச்சம் நானும் இருளாயியும்தான். இருளாயிக்குக் காது கேட்காது. ஆகவே நான்தான் மைக்கில் பேச வேண்டுமாம்.

எனக்கு அப்போது பத்து வயசு. ஒரு தமிழ்ப் படமும் காட்டுவதாகச் சொல்லிக் கடைசி வரைக்கும் காட்டவில்லை என்பது மட்டும்தான் நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்குப் பதினெட்டு. அழகமுத்து மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நடந்ததை எழுதி அனுப்புங்கள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

மரியாயி

*

கோத்தகிரி,
24.2.2002

தங்கச்சி மரியாயிக்கு,

கடிதம் கிடைத்தது. விலாசம் அதேதான். வேறு எங்கே போவது? இங்கே முப்பத்தொரு வருஷமாகியும் எங்கள் குடியிருப்புக்கு 'சிலோன்காரன் காலனி' என்றுதான் பெயர். அங்கே இருந்தபோது இந்தியாக்காரன். இருக்கட்டும்.

மச்சான் போன செய்தி இப்போதுதான் தெரிகிறது. ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி கொடுக்கட்டும். உன் அண்ணியும் இரண்டாயிரத்தில் போய்விட்டாள். சொல்லி அனுப்ப யாரும் இல்லை.

நீ கேட்டதற்கு: கொழுந்து வாட்டும் தட்டுகளைச் சுருட்டிக் கட்டி இடம் பண்ணினார்கள். ஜன்னல்களுக்குச் சாக்கு அடித்தார்கள். கொழும்பிலிருந்து வண்டியில் மெசின் வந்தது. துரை பங்களாவின் கட்டில் விரிப்புதான் திரை. வெள்ளைக்கார ராஜா வந்தார், பட்டாளம் வந்தது, பீரங்கி வந்தது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் தமிழில் விளக்கம் சொன்னார். பிறகு கைதட்டினார்கள். துரை படத்தை நிறுத்தினான். அவ்வளவுதான்.

அழகமுத்து நல்லவன். மைக்கில் அதை மட்டும் சொல். மற்றது வேண்டாம். முடிந்தால் அந்தக் கூட்டத்துக்கே போகாதே. முழங்கால் வலி என்று சொல்லிவிடு.

அந்தக் கெம்பஸ் பிள்ளையிடம் என் பெயரைக் கொடுக்க வேண்டாம்.

அருளப்பன்

*

ஊத்துமலைத் தோட்டம்,
17.3.2002

அண்ணனுக்கு,

இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்து கேட்டதற்கு, தந்தி அடித்த மாதிரி பதில் எழுதியிருக்கிறீர்கள். 71ல் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்றைக்கும் இப்படித்தான். 'அம்மாவைப் பார்த்துக்கொள்' என்று இரண்டு சொல். ஏன் போனான் என்று அம்மா எட்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கணக்கப்பிள்ளையாக ஆகப்போகிற நேரம், நல்ல லயக்காம்பரா, எந்தக் குறையும் இல்லாதவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரிக்குப் படம் பார்க்கப் போய்விட்டு வந்து, மறுநாள் இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் பேர் கொடுத்தான். நான் என்ன பதில் சொல்வேன்? படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றா?

சரி. சண்டை வேண்டாம் என்று நான்தான் எழுதினேன்.

உங்களிடமிருந்து ஒன்றும் வராததால் நானே தங்கம்மாவைப் பார்க்கப் போனேன். இரத்தினபுரிக்கு ஒரு பஸ், அவிசாவளைக்கு ஒரு பஸ், தெரணியகலைக்கு ஒரு பஸ். கண்டக்டர் பையன் என் முழங்காலைப் பார்த்துவிட்டு "ஆச்சி, மெதனின் வாடிவென்ன" என்று உட்காரச் சொல்லி முன்சீட்டைக் கொடுத்தான். இரத்தினபுரியில் நீங்கள் படம் பார்த்த கொட்டகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். 83ல் எரித்தார்கள். இப்போது கூரைத்தகடு விற்கிற கடை. 'கலரி' என்ற எழுத்து மட்டும் டிக்கட் ஜன்னல் சுவரில் கரியோடு இருக்கிறது.

தங்கம்மாவுக்கு ஐம்பத்தாறு வயசு. றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவள், விரலெல்லாம் வெடித்திருக்கிறது. மகன் பிரதீபன் த்ரீவீலர் ஓட்டுகிறான். என்னை நன்றாகத்தான் உட்கார வைத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டதும் நிதானமாகச் சொன்னாள்.

"எங்கம்மா சொல்லித்தான் தெரியும் அக்கா. நான் அப்ப பொறக்கல. சீட்டுல செவப்பு மையில எழுதி விட்டுட்டாங்க. அதப் பாத்துட்டு எந்தத் தோட்டத்துலயும் சேக்கல. மழையில நடந்தாங்க. எனக்கு மூத்தது ஒரு ஆம்பளப் புள்ள, ஒரு வயசு. ரெண்டாம் நாளு காய்ச்சல் கண்டுச்சு. கஹவத்தைக்கு இந்தப் பக்கம் ஒரு பாலம் இருக்குல்ல, அதுக்கிட்ட வரக்குள்ள உசுரு போயிருச்சு. றப்பர்க் காட்டு ஓரத்துல அப்பா கையாலயே தோண்டிப் பொதச்சாரு. மண்வெட்டியும் இல்ல."

எனக்கு இது தெரியாது அண்ணே. அவர்கள் வெளியேற்றப்பட்டது தெரியும். பிள்ளை செத்தது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அதற்குப் பிறகு அழகமுத்து மாமா எந்தப் படமும் பார்த்ததில்லையாம். ஆனால் 70ல் அவர்கள் இரத்தினபுரியில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகை வாசலில் கடலை விற்றாராம். தங்கம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்க அண்ணன எங்கப்பா ஒருக்கா அங்க கண்டாராம். கடலைய வாங்கிக்கிட்டு, படம் பாக்காமலே திரும்பிப் போயிட்டாராம்."

சொல்லிவிட்டு என் கோப்பையை வாங்கிக் கழுவப் போனாள். நான்தான் மூன்று பஸ்ஸிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என்ன நடந்தது?

மரியாயி

*

கோத்தகிரி,
5.4.2002

மரியாயி,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதுவதைக் கிழிக்கப் போவதில்லை.

நம் அப்பாவின் குடையிலிருந்து தொடங்க வேண்டும். நீ சின்னப் பிள்ளை, உனக்கு அவருடைய காய்ச்சல்தான் தெரியும். அது எப்படி வந்தது என்று தெரியாது. துரை வருகிற வழியில் தொழிலாளி குடையை மடக்கிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த வியாழக்கிழமை அடைமழை. துரை குதிரையில் வந்ததை அப்பா கவனிக்கவில்லை. துரை குடையைப் பிடுங்கிக் கம்பியை முறித்து, ஸ்டோர் வாசலில் முறிந்த குடையைக் கையில் பிடித்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் அப்பாவை நிற்க வைத்தான். நான் ஸ்டோருக்குள் கொழுந்துக் கூடை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கூடைக்கும் வெளியே வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்பா என்னைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். ஞாயிறு படம்.

எல்லாரும் வர வேண்டும் என்பது உத்தரவு. பெரிய கங்காணி வாசலில் நின்று லயம் லயமாகப் பேர் கூப்பிட்டு உள்ளே விட்டார். அழகமுத்து என் வலது பக்கம். அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளையை அவனே தூக்கி வந்திருந்தான். இருட்டில் அது அழுததும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நீ என் இடது பக்கம்.

ராஜாவுக்குக் கிளாக்கர்மார் கைதட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை, தட்டச் சொல்லவும் இல்லை. பிறகு ஒரு துறைமுகம் வந்தது. மேலே ஏரோப்பிளேன்கள். கப்பல் எரிந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் அங்கும் இங்கும் ஓடினார்கள். "பாருங்க, இதுதான் எதிரி, இவன் வந்தா ஒங்க கதியும் இதுதான்" என்று டீமேக்கர் கத்தினார். எனக்கு எதிரியும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. அந்தத் தொப்பிகள்தான் தெரிந்தன. அவர்களும் ஓடுவார்களா என்று இருந்தது. என் கை தட்டிவிட்டது.

நான்தான் மரியாயி. முதலில் தட்டியது நான்.

ஒரு நொடிதான் தனியாகக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து யாரோ, பிறகு பெண்கள் பக்கம், பிறகு எல்லாரும். முந்நூறு பேர். மேல்மாடிப் பலகை அதிர்ந்தது. நீயும் தட்டினாய். சிரித்துக்கொண்டே தட்டினாய், தமிழ்ப் படம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பாய். துரை எழுந்து மெசினை நிறுத்தச் சொன்னான். ஜன்னல் சாக்குகளைப் பிய்த்தார்கள். வெளிச்சம் வந்ததும் எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பெரிய கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார். "சத்தம் ஒங்க வரிசையிலதான் மொதல்ல கெளம்புச்சு. ஆருன்னு சொல்லு. இல்லாட்டி வரிசை மொத்தத்துக்கும் சீட்டு" என்றார். அப்பா காய்ச்சலில் கிடக்கிறார். அந்த மழையில் அவரைத் தெருவில் இறக்கினால் மூன்று நாள் தாங்கமாட்டார். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. 'அழகமுத்து' என்றேன்.

அவனைக் கூப்பிட்டார்கள். துரை கேட்டான், டீமேக்கர் தமிழில் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தேன், எனக்குக் கை ஏது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அவருக்கும் தெரியாது. கோயிலில் ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பத்து பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

70ல் கொட்டகை வாசலில் தலை நரைத்த ஒருவன் கடலை மடித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். "அருளப்பா, அப்பா கடைசியில சொகமாயிட்டாராடா?" என்று கேட்டான். இருபத்தேழு வருஷம் கழித்து அவன் கேட்டது அதைத்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "நல்லது, உள்ள போ, படம் போட்டுருவாங்க" என்றான். நான் பஸ்ஸேறி வந்துவிட்டேன். இரத்தினபுரிக்கு நான் எப்போது போனாலும் அவன் அங்கே இருப்பான். அதனால்தான் இந்தியாவுக்குப் பேர் கொடுத்தேன். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? அவள் செத்தபோது வந்திருக்கலாம். வந்தால் ஏன் போனாய் என்று நீ கேட்பாய்.

பிள்ளை செத்தது உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

கூட்டத்தில் பேச ஒன்றும் தெரியவில்லை என்றாயே. இதை அப்படியே வாசித்துவிடு.

அருளப்பன்

*

ஊத்துமலைத் தோட்டம்,
21.4.2002

அண்ணனுக்கு,

வாசித்துவிடு என்று எழுதிவிட்டீர்கள். லேசாக எழுதிவிட்டீர்கள். நீங்கள் கோத்தகிரியில் இருக்கிறீர்கள். நான் இந்த லயத்தில் இருக்கிறேன். காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போவது நான். சரோனுக்கு றக்வானை டவுனில் ஒரு இடத்தில் பேச்சு நடக்கிறது. காட்டிக்கொடுத்தவனின் தங்கச்சி பேத்தி என்று அவளை யார் கட்டுவார்கள்? ஐம்பத்தொன்பது வருஷம் நீங்கள் வைத்திருந்ததை என் தலையில் தூக்கி வைத்துவிட்டு மூச்சு விடுகிறீர்கள்.

இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். எரித்துவிடலாமா என்றும் பார்த்தேன். அப்பா முறிந்த குடையோடு நின்றதை எரிக்க மனசு வரவில்லை. எனக்கு அது தெரியாது அண்ணே. அப்பாவைப் பற்றி யாருமே எனக்கு அதைச் சொல்லவில்லை.

தங்கம்மாவுக்குத் தெரியாமல் வாசிப்பது அநியாயம் என்று மறுபடி மூன்று பஸ் ஏறினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து முழுவதையும் படித்தாள். பிறகு மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எங்கம்மாவுக்குத் தெரியும் அக்கா," என்றாள். "புள்ளையத் தூக்கி வச்சிருந்த மனுசனுக்குத் தட்ட ஏது கை? அவரு பேரச் சொன்னது ஆருன்னும் தெரியும். அரிசி இல்லாத நாளெல்லாம் அம்மா ஒங்க அண்ணன் பேரச் சொல்லித்தான் திட்டும். நீங்க மொதல்ல வந்தப்பவே சொல்லியிருப்பேன். ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அழகமுத்து மாமா என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"அம்மா திட்டுறப்பல்லாம் அப்பா ஒண்ணுதான் சொல்லுவாரு. அவன் அப்பன் காய்ச்சல்ல கெடந்தாரு, நமக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருந்துச்சும்பாரு. அவரு மன்னிச்சாரு. அது அவரு. நான் அவரு இல்ல."

கூட்டத்தில் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வேண்டாம், மாலையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வாள் என உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"வாசிங்க," என்றாள். "மைக்குல, ஒங்க வாயால வாசிங்க. எங்கப்பா கை தட்டல. அவரு தட்டாத கைக்கு மால போட்டு என்ன செய்ய? அவரு வாயத் தெறக்காம நின்னாரே, அதுக்குப் போடட்டும்."

திரும்பி வரும்போது மழை. நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஆண்டவரே, ஏன்தான் அந்தப் பிள்ளை டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததோ.

மரியாயி

*

கோத்தகிரி,
6.5.2002

மரியாயி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. மேதினம் முடிந்திருக்கும். நீ வாசித்திருந்தாலும் சரி, வாசிக்காமல் விட்டிருந்தாலும் சரி. உன்மேல் சுமத்தியது தப்பு. எனக்கு எப்போதும் அதுவேதான் பழக்கமாகப் போய்விட்டது, பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல் சுமத்துவது. அம்மாவையும் உன்மேல்தான் சுமத்தினேன்.

வாசிக்கவில்லை என்றால் எரித்துவிடு. சரோனின் காரியம் கெட வேண்டாம்.

நெஞ்சில் சளி. எழுத முடியவில்லை.

அருளப்பன்

*

ஊத்துமலைத் தோட்டம்,
26.5.2002

அண்ணனுக்கு,

வாசித்தேன்.

ஸ்டோர் மூடி நாலு வருஷமாகிறது. அதன் வாசலில்தான் மேடை போட்டார்கள், அப்பா நின்ற இடம். அழகமுத்து மாமாவுக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கும் நெற்றியும் மட்டும்தான் தெளிவாக இருந்தன. 'வெள்ளையனை எதிர்த்த முதல் கைதட்டல்' என்று சிவப்புத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். இருநூறு பேர் வந்திருப்பார்கள். தங்கம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிரதீபன் அவள் பின்னால் நின்றான்.

என் முறை வந்ததும் கடிதத்தை எடுத்தேன். குடையிலிருந்து தொடங்கினேன். அது வரைக்கும் எல்லாரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். 'முதலில் தட்டியது நான்' என்ற இடம் வந்ததும் இந்திரகுமார் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. "அக்கா, இது வேணாங்க, இன்னைக்கு வேணாங்க" என்று காதருகில் சொன்னான். தங்கம்மா நாற்காலியிலிருந்து, "வாசிக்க விடுங்க தம்பி" என்றாள். விட்டான். கடைசிவரைக்கும் வாசித்தேன். எழுத்து தெரியவில்லை, இரண்டு வரி விட்டுப்போயிருக்கும்.

முடித்ததும் எல்லாரும் மேடையையும் தங்கம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை மட்டும் அழுதது. பிறகு இந்திரகுமார் மைக்கை வாங்கி, "அக்கா வயசானவங்க, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. ஆரு தட்டினாலும் அது தொழிலாளியோட கைதான்!" என்று சொல்லி வாழ்க போட்டான். எல்லாருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். துணியில் எழுதியதை யாரும் அவிழ்க்கவில்லை. அது இன்னும் அப்படியே தொங்குகிறது. ஸாஹிரா மட்டும் என்னிடம் வந்து, கடிதத்தைப் பார்த்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டது. உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டது. போடு என்றேன். உங்களைக் கேட்கவில்லை.

லயத்தில் நான் பயந்த மாதிரிதான். பீலியடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. டவுன் ஆட்கள் தையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தை எந்தத் தை என்று சொல்லவில்லை. சரோன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "போனா போகட்டும் அப்பாயி, இதுக்கே ஓடுறவங்க எதுக்கு?" என்றுவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கூட்டம் முடிந்து தங்கம்மா புறப்படும்போது என்னைத் தன் மகனின் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டாள். எங்கே என்று சொல்லவில்லை. கஹவத்தைக்கு இந்தப் பக்கம் அந்தப் பாலத்தடியில் நிறுத்தச் சொன்னாள். றப்பர் மரங்களை வெட்டிப் புதுக்கன்று வைத்திருக்கிறார்கள். எந்த இடம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அம்மா கை காட்டிய திசை மட்டும் தெரியும். நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ரோட்டோரத்தில் நின்றோம். லொறிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒங்க அண்ணன வரச் சொல்லுங்க," என்றாள். "மன்னிப்புக் கேக்க இல்ல. அத வச்சு நான் என்ன செய்ய? இங்க வந்து நிக்கச் சொல்லுங்க. எங்கம்மா இந்த எடத்துல ஒரு நாள் பூரா நின்னுச்சாம். அவரு ஒரு மணி நேரம் நிக்கட்டும். நானும் கூட நிப்பேன்."

சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். உங்களுக்கு எழுபத்தேழு வயசு, நெஞ்சில் சளி, எனக்குத் தெரியும். வாருங்கள் என்றும் சொல்லமாட்டேன், வரவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. வந்தால் ஏன் போனாய் என்று நான் கேட்கமாட்டேன்.

மரியாயி

*

கோத்தகிரி,
2.8.2002

மரியாயி,

பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், கையில் ஒன்றும் இல்லாமல் எழுத விரும்பவில்லை. பாஸ்போர்ட் நேற்று வந்தது. மகனுக்கு இஷ்டமில்லை. இந்த வயசில் எதற்கு அலைச்சல் என்று கேட்டான். நடந்ததை அவனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விசாவுக்கு எழுதிக் கொடுத்தான். திருச்சியிலிருந்து பிளேன். செப்டம்பர் கடைசியில் வருவேன். கட்டுநாயக்கவிலிருந்து எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று எழுது. யாரும் எதிரே வர வேண்டாம்.

என் பெயரைப் போடச் சொன்னது சரிதான்.

டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, அதிக நேரம் நிற்கக் கூடாது என்கிறார். ஒரு மணி நேரம் நிற்பேன். பாலத்தில் சாய்ந்துகொள்ளலாமா என்று தங்கம்மாவிடம் கேட்காதே. சாயமாட்டேன்.

அவளிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுது. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள்? மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, எனக்குத் தெரியவே தெரியாது. படம் ஓடிய நேரம் முழுவதும் அதன் கால் என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. நான் அதை மெல்ல நகர்த்தி நகர்த்தி வைத்தேன். பெயர் கேட்கவில்லை.

பெயர் தெரியாமல் அங்கே போய் நிற்க எனக்கு முடியாது.

அருளப்பன்